பந்து விழட்டும், அப்புறம் தீர்ப்பு

கூடைப்பந்துக்கு முதன்முதலாகப் பதின்மூன்று விதிகள் எழுதிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஆட்டத்தை நடத்த இரண்டு பேரை நியமித்தார். பத்தாவது விதி ஒருவரை ‘அம்பயர்’ என்கிறது. யார் யாரைத் தள்ளினார், யார் யாருடைய காலை வாரிவிட்டார் என்று கணக்கு வைப்பது அவர் வேலை. அவர் ஆட்களைப் பார்த்தால் போதும். பதினொன்றாவது விதி இன்னொருவரை ‘ரெஃப்ரி’ என்கிறது. பந்து ஆட்டத்தில் இருக்கிறதா, வெளியே போனால் யாருக்குச் சொந்தம், கோல் விழுந்ததா, நேரம் எவ்வளவு ஆயிற்று என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் பந்தைப் பார்த்தால் போதும். ஆள் ஒருவருக்கு, பந்து ஒருவருக்கு என்று வேலை தெளிவாகப் பிரிந்திருந்தது.

இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட இடம், ஃபவுலுக்கு ஈடாக யாரும் மறிக்காமல் பந்தை எறியும் ஃப்ரீ த்ரோ கோடு. அங்கே ஓர் ஆள் செய்யும் தவறுக்குத் தண்டனை உண்டா இல்லையா என்பதைப் பந்து எங்கே விழுந்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். விசில் வாயில் இருக்கிறது, தவறு கண்ணெதிரே நடந்துவிட்டது, ஆனாலும் நடுவர் ஊதாமல் நிற்கிறார். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அவர் தூங்கிவிட்டார் என்றே தோன்றும். இந்தக் காத்திருப்பு ஒரே நாளில் யாரோ உட்கார்ந்து எழுதியதில்லை.

1891 டிசம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பதினெட்டு மாணவர்கள் அணிக்கு ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினார்கள். கட்டடக் காவலர் கொண்டுவந்து தந்த பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டியிருந்தார் நெய்ஸ்மித். கைப்பிடி தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் ரிங் அதே பத்து அடியில், அதாவது 3.05 மீட்டரில் இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. அந்த ஆட்டத்தில் மொத்தம் விழுந்தது ஒரே ஒரு கோல்.

அந்தப் பதின்மூன்று விதிகளில் ஃப்ரீ த்ரோ கிடையாது. ஃபவுலுக்குத் தண்டனை வேறு மாதிரி இருந்தது. இரண்டாவது ஃபவுல் செய்தவர் அடுத்த கோல் விழும்வரை வெளியே உட்கார வேண்டும். வேண்டுமென்றே காயப்படுத்தினால் ஆட்டம் முழுக்க வெளியே, பதில் ஆளும் கிடையாது. ஓர் அணி தொடர்ச்சியாக மூன்று ஃபவுல் செய்தால், நடுவில் எதிரணி ஒரு ஃபவுலும் செய்யாமல் இருந்தால், எதிரணிக்கு ஒரு கோல் இனாம். ஒரு கோலில் ஆட்டமே முடிந்த காலத்தில் இது சாதாரணத் தண்டனை இல்லை.

எட்டாவது விதியில் ஒரு வாசகம் இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பந்து கூடையின் விளிம்பில் நிற்கும்போது எதிரணிக்காரர் கூடையை அசைத்தால் அது கோலாகக் கணக்காகும் என்கிறது அது. பந்து உள்ளே விழவில்லை, ஆனாலும் கோல். தவறு செய்தவர் தன் தவறால் லாபம் அடையக்கூடாது என்ற எண்ணம் முதல் நாளே அந்தக் காகிதத்தில் இருந்திருக்கிறது. பிற்காலத்து ஃப்ரீ த்ரோ தீர்ப்புகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் என்பது என் எண்ணம்.

மூன்று ஃபவுல் சேர்வதற்காகக் காத்திருப்பதைவிட ஒவ்வொரு ஃபவுலுக்கும் உடனே ஏதாவது தருவது நல்லது என்று சில பருவங்களுக்குள் புரிந்துவிட்டது. யாரும் மறிக்காமல் ஓர் எறிதல் என்ற யோசனை அப்படி வந்தது. முதலில் இருபது அடி தூரத்திலிருந்து எறிந்தார்கள். 1894-95 பருவத்தில் கோடு பதினைந்து அடிக்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு அது நகரவே இல்லை. அதே சமயத்தில் கோலுக்கும் ஃப்ரீ த்ரோவுக்கும் தலா மூன்று புள்ளி இருந்தது. மறு பருவத்தில், 1895-96இல், கோலுக்கு இரண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். நூற்று முப்பது ஆண்டுகளாக ஃப்ரீ த்ரோவின் அந்த ஒரு புள்ளியிலும் மாற்றம் இல்லை.

ஆனால் யார் எறிவது? இன்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட, அடிபட்டவர்தான் எறிய வேண்டும் என்று சொல்லிவிடும். அன்று அப்படி இல்லை. ஒவ்வோர் அணியிலும் இதற்கென்றே கைதேர்ந்த ஒருவர் இருப்பார். யார் மீது ஃபவுல் நடந்தாலும் கோட்டுக்கு வருவது அவர்தான். 1923-24 பருவத்தில்தான் அமெரிக்கக் கல்லூரி விதி மாறியது. அடிபட்டவர் தன் எறிதலைத் தானே எறிய வேண்டும் என்று ஆயிற்று. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே மாற்றம், யாரை அடித்தால் லாபம் என்று எதிரணி யோசிப்பதற்கும் கதவைத் திறந்துவிட்டது. 1997 டிசம்பரில் டாலஸ் அணியின் பயிற்சியாளர் டான் நெல்சன், சிகாகோவின் டென்னிஸ் ராட்மனுக்கு ஃப்ரீ த்ரோ சரியாக வராது என்ற நம்பிக்கையில், பப்பா வெல்ஸ் என்ற இளைஞரை அவரைப் பிடித்துப் பிடித்து ஃபவுல் செய்ய அனுப்பினார். மூன்று நிமிடத்துக்குள் ஆறு ஃபவுல் முடிந்து வெல்ஸ் வெளியே போனார். ராட்மன் அன்று பன்னிரண்டில் ஒன்பதைப் போட்டுவிட்டார். ஃபவுலைப் பற்றிய கதை இது, நம் விஷயம் வேறு. இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நம் விஷயம் வரிசை. எறிபவர் ஒருவர்தான் என்றாலும் ரிங்குக்கு முன்னால் வரைந்த கட்டத்தின் இரு ஓரங்களிலும் இரு அணி ஆட்களும் நிற்கிறார்கள். பந்து தவறினால் ரீபவுண்டுக்குப் பாய வேண்டும். ரிங்குக்கு அருகில் நிற்பவருக்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்த இடம் யாருக்கு? அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1956 வரை இதற்கு ஒரு வேடிக்கையான பதில் இருந்தது. ரிங்குக்குப் பக்கத்து இடம் ஒன்றில் ‘எச்’ என்று எழுதியிருப்பார்கள், எதிர் ஓரத்தில் ‘வி’. சொந்த ஊர் அணிக்கு ஒன்று, விருந்தாளி அணிக்கு ஒன்று. எறிவது எந்த அணி என்பதே கணக்கில்லை. அதனால் எறிபவரின் அணிக்காரர் ஒருவர் எப்போதும் ரிங்கை ஒட்டி நின்றார். தவறிய பந்தை அப்படியே தட்டிப் போட்டுவிடலாம். ஃபவுலுக்கு ஒரு புள்ளி என்று வைத்துவிட்டு இரண்டு புள்ளிக்கு வழி செய்து கொடுத்த ஏற்பாடு அது. 1956-57 பருவத்தில் உள்ளிடம் இரண்டும் எதிரணிக்கே என்று ஆக்கினார்கள். ஆறு அடி அகலத்தில் இருந்த கட்டத்தை அதே பருவத்தில் பன்னிரண்டு அடியாக்கினார்கள்.

அந்தப் பருவம் தற்செயலானதில்லை. ஏழடி ஓரங்குலம் உயரமான வில்ட் சேம்பர்லின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் அணியில் இறங்கிய பருவம் அது. 1955இல் அவர் சேர்ந்துவிட்டார். முதலாண்டு மாணவர்களை முதல் அணியில் ஆடவிடாத காலம் என்பதால் ஒரு வருடம் காத்திருந்தார். அந்த ஒரு வருடம் விதி எழுதுபவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. சேம்பர்லின் ஃப்ரீ த்ரோவை எறிவதில்லை, பின்னாலிருந்து ஓடிவந்து கோட்டிலிருந்து எகிறிப் பறந்து பந்தை ரிங்குக்குள் திணித்துவிடுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பக்கத்துக் கான்சாஸ் ஸ்டேட் அணியின் பயிற்சியாளர் டெக்ஸ் விண்டர் இதைத் தடுக்க விதி வேண்டும் என்று முன்னின்றார் என்பது கூடைப்பந்து வட்டாரம் இன்றுவரை சொல்லும் கதை. பந்து ரிங்கைத் தொடும்வரை எறிபவரின் கால் கோட்டைத் தாண்டக்கூடாது என்ற வாசகத்தை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஒரு பெரிய ஆட்டத்தில்கூட அப்படிப் போடும் முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். கான்சாஸ் அணியை 1898இல் தொடங்கியவரே நெய்ஸ்மித்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சேம்பர்லினுக்கு அதற்குப் பிறகு ஃப்ரீ த்ரோ கைகூடவே இல்லை. தொழில்முறை வாழ்க்கை முழுவதற்கும் அவர் சராசரி 51 சதவீதம். பெரிய விதிவிலக்கு ஓர் இரவு. 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற ஊரில் நூறு புள்ளி எடுத்தாரே, அன்று இரண்டு கையாலும் அடியிலிருந்து மேலே வீசி முப்பத்திரண்டில் இருபத்தெட்டைப் போட்டார்.

இனி நடுவரிடம் வருவோம். உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆடப்படுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி. இந்தியாவிலும் அதுதான். ரிங்குக்குக் கீழே நிற்கும் நடுவர் எத்தனை எறிதல் என்று விரலால் காட்டிவிட்டு, பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி எறிபவரிடம் அனுப்புகிறார். பந்து கைக்கு வந்ததிலிருந்து ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். அரைவட்டத்துக்குள் நிற்க வேண்டும், கோட்டை மிதிக்கக்கூடாது, எறிவதுபோல் போக்குக் காட்டக்கூடாது, பந்து மேலிருந்து உள்ளே விழ வேண்டும் அல்லது ரிங்கையாவது தொட வேண்டும். ஓரத்தில் நிற்பவர்கள் பந்து கையைவிட்டுக் கிளம்பும்வரை அசையக்கூடாது. ஓரத்தில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பின்னால், எறிதல் முடியும்வரை. எதிரணிக்காரர் கை ஆட்டி, குரல் கொடுத்து எறிபவரின் கவனத்தைக் கலைக்கக்கூடாது. பார்வையாளர்கள் என்ன வேண்டுமானாலும் கத்தலாம், அவர்களுக்கு விதி இல்லை.

தவறு நடந்தால்? எறிபவரே தவறு செய்திருந்தால் பந்து விழுந்தாலும் புள்ளி இல்லை. அந்த நேரத்தில், சற்று முன்போ பின்போ, வேறு யார் என்ன செய்திருந்தாலும் நடுவர் அதைக் கண்டுகொள்வதில்லை. வேறு யாராவது தவறு செய்து பந்து உள்ளே விழுந்துவிட்டால் புள்ளி செல்லும், தவறு மறக்கப்படும். பந்து தவறினால்தான் யார் அசைந்தார் என்ற கேள்வியே வரும். அசைந்தது எதிரணி என்றால் எறிபவருக்கு இன்னொரு எறிதல். அசைந்தது சொந்த அணி, அதுவும் கடைசி எறிதலில் என்றால், பந்து எதிரணிக்கு, பக்கவாட்டுக் கோட்டிலிருந்து. இரண்டு அணியும் அசைந்தால், அடுத்த முறை பந்து யாருக்கு என்று காட்ட மேசையில் வைத்திருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து.

படிக்கும்போது ஏதோ வரிச்சட்டம் போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: இந்தத் தவறால் யாருக்காவது ஏதாவது கிடைத்ததா? பந்து விழுந்த பிறகு ரீபவுண்டே இல்லை. ரீபவுண்டுக்காக அரை விநாடி முந்திக்கொண்டவருக்குக் கிடைத்தது பூஜ்யம். அப்புறம் எதற்கு விசில்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நடுவர் பந்து விழும்வரை காத்திருக்கிறார்.

இந்த விதிகள் உண்மையில் உயிர் பெறுவது ஆட்டத்தின் கடைசி இரண்டு மூன்று விநாடிகளில். ஸ்கோர் 78-80 என்று வைத்துக்கொள்வோம். பின்தங்கிய அணிக்குக் கடைசி எறிதல் ஒன்று பாக்கி. போட்டால் 79, ஒரு புள்ளியில் தோல்வி, பந்தும் எதிரணிக்குப் போய்விடும். ஆகவே வேண்டுமென்றே தவறவிட வேண்டும். எறிபவர் பந்தைத் தட்டையாக, வேகமாக, ரிங்கின் முன்விளிம்பில் மோதும்படி வீசப் பார்க்கிறார். ரிங்கைத் தொடாமல் போர்டில் மட்டும் பட்டுத் திரும்பினால் அவர் மீதே தவறு, ஆட்டம் அத்தோடு சரி. ஓரத்தில் இரண்டாம் இடத்தில் நிற்கும் அவர் அணிக்காரருக்கு இது தெரியும், குதிகால் உயர்ந்தே இருக்கிறது. பந்து விரல் நுனியில் இருக்கும்போதே அவர் கால் உள்ளே போய்விட்டால், பந்து ரிங்கில் மோதி வெளியே வந்ததும் விசில், பந்து எதிரணிக்கு. ஆனால் அவசரத்தில் முந்தியது எதிரணிக்காரர் என்றால் இன்னொரு எறிதல் கிடைக்கிறது. வேண்டுமென்றே தவறவிட்டவருக்குத் தண்டனைப் பரிசாக மறுபடியும் தவறவிட ஒரு வாய்ப்பு! எறிபவர் பதற்றத்தில் தவறுதலாகப் பந்தை உள்ளேயே போட்டுவிட்டால், கோட்டைத் தாண்டாதவரை புள்ளி செல்லும், அணிக்காரர் முந்தியதும் மன்னிக்கப்படும், ஆட்டமும் தோற்றுப்போகும். இவ்வளவும் நடக்கும் அந்தக் கணத்தில் நடுவர்கள் எறிபவரின் கால், கை, ரிங், இரு ஓரங்களிலும் நிற்கும் ஐந்து பேர் என அத்தனையையும் தங்களுக்குள் பங்கிட்டுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கர்கள் இதில் வேறு மாதிரி. அங்கே தொழில்முறை லீகான என்.பி.ஏ.விலும் பள்ளி ஆட்டங்களிலும் எறிபவரின் அணிக்காரர் முந்திவிட்டால் பந்து விழுந்தாலும் புள்ளி கிடையாது. எதிரணி தவறுக்கு மட்டும்தான் காத்திருப்பு. பள்ளி ஆட்டத்து நடுவர் அப்போது ஒரு கையை நீட்டி முஷ்டி பிடித்துக் காட்டுவார். நான் பார்த்தேன், பந்து என்னாகிறது என்று பார்ப்போம் என்று அர்த்தம். எறிவதற்குத் தரும் நேரமும் அங்கே பத்து விநாடி. 2021 பருவத்து பிளேஆஃப் ஆட்டங்களில் மில்வாக்கியின் யானிஸ் அடெடொகுன்போ கோட்டில் நின்று மூச்சிழுத்து, பந்தைத் தட்டி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் எதிரணி ஊர்க்காரர்கள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அந்த பிளேஆஃபில் பத்து விநாடி தாண்டியதாக அவர் மீது விசிலும் ஊதப்பட்டது. இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் அதே மனிதர் பத்தொன்பதில் பதினேழைப் போட்டு ஐம்பது புள்ளியோடு கோப்பையைத் தூக்கினார். என்னைக் கேட்டால் ஐந்து விநாடியே அதிகம். ஆனால் நான் அந்தக் கோட்டில் பத்தாயிரம் பேருக்கு முன்னால் நின்றதில்லை.

அணிக்காரரின் தவறுக்குப் புள்ளியைப் பறிப்பது சரியா? எனக்கு ஃபிபாவின் கணக்குத்தான் நியாயமாகப் படுகிறது. எறிதல் என்பது அடிபட்டவருக்குச் சேர வேண்டிய ஈடு. அவர் ஒழுங்காக நின்று ஒழுங்காக எறிந்து பந்தும் உள்ளே விழுந்த பிறகு, பக்கத்தில் நின்றவர் கால் தவறியதால் அவருக்கு ஏன் நஷ்டம்? இதற்கு அமெரிக்கர்களிடமும் பதில் உண்டு. அணி என்பது ஒரே உடம்பு என்பார்கள். சரி, இருக்கட்டும்.

ஆனால் ஓர் இடத்தில் அமெரிக்கப் பள்ளி விதி ஃபிபாவைவிட நுட்பமானது. எறிபவர் கோட்டைத் தாண்டிவிட்டார், சரி. எதனால் தாண்டினார் என்று அது கேட்கிறது. எதிரணிக்காரர் திடீரென்று கை வீசியோ கத்தியோ அவரைக் குலைத்துவிட்டு, அதனால் அவர் தடுமாறியிருந்தால், அவர் தவறு கழிக்கப்பட்டு மாற்று எறிதல் கொடுக்கப்படுகிறது. ஓரத்தில் நிற்கும் எதிரணிக்காரர் உள்ளே பாய்வதுபோல் போக்குக் காட்டி எறிபவரின் அணிக்காரரை முந்தவைத்தாலும், தண்டனை போக்குக் காட்டியவருக்கு மட்டும்தான். முதலில் யார் அசைந்தார் என்பதோடு யாரால் அசைந்தார் என்பதையும் நடுவர் பார்க்க வேண்டியிருக்கிறது. கோட்டை மிதித்ததைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒருவர் கவனம் கலைந்ததை எங்கே பார்ப்பது? கை ஆட்டியவர் எதிரணிதான், ஆனால் அவர் தன் அணிக்காரருக்கு, அந்த ஆளைப் பிடி என்று சைகை காட்டினாரா, எறிபவரைக் குலைக்க ஆட்டினாரா? இது முழுக்க முழுக்க நடுவரின் பார்வைக்கு விடப்பட்டது.

விதி இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் பந்து ரிங்கைத் தொட்ட பிறகுதான் ஓரத்து ஆட்கள் உள்ளே நுழையலாம் என்று பல ஆண்டுகள் இருந்தது. 2014-15இல்தான் எறிபவர் கையைவிட்டுப் பந்து கிளம்பியதும் நுழையலாம் என்று மாற்றினார்கள். நடுவரின் கண் ரிங்கிலிருந்து எறிபவரின் விரலுக்கு இடம் மாற வேண்டியிருந்தது. விரலை விட்டுப் பந்து பிரியும் நொடியையும் பக்கவாட்டில் நிற்பவரின் பாதத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டால், பழகிக்கொள்ளலாம் என்பார்கள் நடுவர்கள்.

சென்னைக்கு இந்த ஆட்டத்தோடு பழைய தொடர்பு உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நெய்ஸ்மித்தின் கல்லூரி வழியே பயிற்சி நேராக இங்கே வந்தது. இன்றைக்குச் சிக்கல் வருவது ஃபோன் திரை வழியாக. பையன்கள் இரவில் என்.பி.ஏ. பார்க்கிறார்கள், மாலையில் ஃபிபா விதிப்படி ஆடுகிறார்கள். மாவட்டப் போட்டி ஒன்றில் ஃப்ரீ த்ரோ விழுகிறது, எறிந்தவரின் அணிக்காரர் கண்ணுக்குத் தெரியும்படி முந்திவிட்டார். எதிரணி பெஞ்ச் முழுக்க எழுந்து, “சார், வயலேஷன் சார்! பாயிண்ட் கிடையாது சார்!” என்று கத்துகிறது. நடுவர் மேசையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டிப் புள்ளியைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார். எண்ட்லைனுக்குப் பின்னால் போய் நின்று பந்தை உள்ளே போடச் சொல்லி எதிரணிக்குக் கை காட்டுகிறார்.